உயரமான பெண்ணுக்கு மலையில் உடை: ஸ்வெட்டரிலிருந்து தொடங்குங்கள்

நான் ஐந்தடி பத்து அங்குலம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி என்பதால் பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் பனைமரம். வேலை கிடைத்துக் குன்னூருக்கு வந்த முதல் நவம்பரில், ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த நீலக் கண்டாங்கிப் புடவையைக் கட்டினேன். குளிர் தாங்கவில்லை என்று முந்தின நாள் மாலை அவசரமாக வாங்கிய ஸ்வெட்டரை அதன்மேல் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஸ்வெட்டரின் கை மணிக்கட்டுக்கு நாலு விரல் முன்பே நின்றுவிட்டது. கீழ்விளிம்பு இடுப்பைத் தொடாமல் விலாவில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆசிரியர் அறையில் ஒரு மூத்த டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னம்மா, தங்கச்சி ஸ்வெட்டரை மாத்திப் போட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். புடவையை யாருமே பார்க்கவில்லை.

கீழே சமவெளியில் நாம் புடவையை எடுப்போம், அதற்கு ஜாக்கெட், அதற்கு வளையல் என்று உள்ளிருந்து வெளியே போவோம். மலையில் அது தலைகீழ். வருடத்தில் பாதி நாளுக்கு மேல் உங்களைப் பார்ப்பவர் கண்ணில் படுவது ஸ்வெட்டரோ சால்வையோ ஜெர்கினோதான். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இங்கே அந்த ஆடையில் முக்கால் பங்கு ஸ்வெட்டர். அது உங்கள் உடம்பில் எந்த இடத்தில் முடிகிறதோ, அந்த இடத்தில்தான் உங்கள் உயரம் இரண்டாகப் பிரிந்து தெரியும். குட்டையானவர்களுக்கு இதில் ஒன்றிரண்டு அங்குலம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் ஆகாது. நமக்கு ஆகும்.

மாற்றலாகியோ திருமணமாகியோ நீலகிரிக்கு வந்திருக்கும் உயரமான பெண்களுக்காக இதை எழுதுகிறேன். உயரத்தை எப்படிக் குறைத்துக் காட்டலாம் என்று தேடி வந்திருந்தால், மன்னிக்கவும். அப்படி ஓர் உடையை நான் இன்னும் பார்க்கவில்லை. கூனிக்கொண்டு நடந்தால் உயரம் குறையாது. கூனல் மட்டும்தான் கூடும்.

முதலில் டேப்பை எடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். தையல் டேப் ஒன்று, உதவிக்கு ஓர் ஆள். 'மீடியம்', 'லார்ஜ்', 'எக்ஸ்எல்' என்பதெல்லாம் சுற்றளவின் பேச்சு, நீளத்தின் பேச்சு அல்ல. எக்ஸ்எல் வாங்கினால் தோளில் தொங்கும், கை மட்டும் அதே குட்டையாக இருக்கும். நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரம் ஐந்தடியை ஒட்டித்தான். ரெடிமேட் துணி அந்த உயரத்தை மனதில் வைத்துத்தான் தைக்கப்படுகிறது. அதனால் கடையில் எதுவும் பொருந்தவில்லை என்றால் குறை உடம்பில் இல்லை.

எடுக்க வேண்டிய அளவுகள்: தோள்பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து இடுப்பு வரை, இடுப்பிலிருந்து தரை வரை (வழக்கமாகப் போடும் செருப்போடு), கால் உள்பக்கத்தில் கவட்டியிலிருந்து கணுக்கால் எலும்பு வரை. கை நீளத்தை மட்டும் முழங்கையைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டு எடுங்கள். நீட்டி வைத்து எடுத்தால் அரை அங்குலம், ஓர் அங்குலம் குறைவாக வரும். குளிரில் அந்த ஓர் அங்குலம்தான் வெடவெடக்க வைக்கும். எனக்கு இடுப்பிலிருந்து தரை 44, கை 24½, உள்கால் 33 அங்குலம். இந்த எண்கள் என் கைப்பேசியில் எப்போதும் இருக்கும்.

இன்னொரு சோதனை இருக்கிறது. இதற்கு டேப் வேண்டாம். உங்களைவிட ஓர் ஐந்தாறு அங்குலம் குட்டையான ஒருவரோடு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். தலை இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால் உங்கள் உயரம் காலில் இருக்கிறது. உட்கார்ந்த பிறகும் நீங்களே ஓங்கி நின்றால் உயரம் உடம்பில் இருக்கிறது. நான் முதல் வகை. என் நாத்தனார் இரண்டாம் வகை. இருவரும் ஒரே உயரம்தான், ஆனால் அவருக்கு எடுப்பாக இருக்கும் ஸ்வெட்டர் எனக்குப் பொருந்தாது. வருடக்கணக்கில் ஒருவர் துணியை ஒருவர் மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தோம்.

வாடகை வீட்டுக் கண்ணாடியையும் கவனியுங்கள். அது எப்போதும் முன்னால் இருந்தவர் உயரத்துக்கு மாட்டப்பட்டிருக்கும். நம் தலை அதில் தெரியாது. ஆணியைப் பிடுங்கி மேலே அடியுங்கள், அல்லது ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தரையில் சாய்த்து வையுங்கள். தலையில்லாத உருவத்தைப் பார்த்துக்கொண்டு எந்த உடையையும் முடிவு செய்ய முடியாது.

மேலே போடுவது

ஸ்வெட்டர் எங்கே முடியலாம்? மூன்று இடங்கள் சரி: இடுப்பில், இடுப்பெலும்பின் அகலமான பகுதிக்குச் சற்றுக் கீழே, அல்லது நடுத்தொடையில். உயரம் காலில் இருப்பவர்கள் இரண்டாவதையோ மூன்றாவதையோ எடுங்கள். நீளமான ஸ்வெட்டர் மேலுடம்பை இறக்கிக் காட்டும், அளவு சமமாகத் தெரியும். உயரம் உடம்பில் இருப்பவர்கள் இடுப்போடு நிற்கும் குட்டை ஸ்வெட்டரைத் தயங்காமல் போடலாம். கால் நீளமாகத் தெரியும். ஆனால் அதைக் குட்டை ஸ்வெட்டராகவே வாங்குங்கள். நீளமாக இருக்க வேண்டியது நம் உடம்பில் குட்டையாகிப் போனால், அது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

புடவைக்கு மேல் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். தொடை வரை தொங்கும் தடித்த ஜெர்கின் கொசுவத்தை அமுக்கி, கீழே ஒரு முழம் புடவையை மட்டும் காட்டும். பாவாடை கட்டியது போலிருக்கும். புடவைக்கு முன்பக்கம் திறந்த, பட்டன் வைத்த, இடுப்பெலும்பு வரை வரும் ஸ்வெட்டர் நல்லது. கழுத்து 'வி' வடிவத்தில் இருந்தால் முந்தானை மடிப்பு வெளியே தெரியும். முந்தானையை ஸ்வெட்டருக்கு உள்ளே விடுவதா, வெளியே விடுவதா என்று இங்கே இரண்டு கட்சி உண்டு. நான் வெளியே விடும் கட்சி. முதுகில் முந்தானை நீளமாகத் தொங்குவது உயரமான பெண்ணுக்கு மட்டும் கிடைத்த அழகு, அதை ஏன் கம்பளிக்குள் சுருட்டி வைக்க வேண்டும்?

எங்கே வாங்குவது? ஊட்டியில் தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் திபெத்தியர்களின் கம்பளிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போனதும் கூச்சப்படாமல் ஆண்கள் பகுதிக்குப் போங்கள். ஆண்கள் ஸ்வெட்டரில் கை நீளம் நமக்குச் சரியாக வரும். பட்டன் வைத்த பக்கம் மாறியிருக்கும், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கவனித்துக் கேட்டதில்லை. தோள் தையல் தோள் முனையில் உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள். அது கீழே இறங்கித் தொங்கினால் வேண்டாம். அப்புறம் பஸ் கம்பியைப் பிடிப்பது போல் ஒரு கையைத் தூக்குங்கள். கை முழங்கைக்கு ஏறி, வயிற்றுப் பக்கம் காற்று புகுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் "கழுவினா லூஸ் ஆயிடும்கா" என்பார். ஆகும்தான், ஆனால் அகலத்தில்.

பின்னித் தருபவர்களும் இங்கே உண்டு. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் யாராவது ஓர் அக்கா ஊசியும் நூலுமாக இருப்பார். அவரிடம் கை அளவைச் சொல்லும்போது, விளிம்பை ஒரு மடிப்பு மடித்து விடும்படி ஓர் இரண்டு அங்குலம் கூடுதலாகக் கேளுங்கள். உடம்பின் நீளத்துக்கு அப்படிக் கூட்டிக் கேட்க வேண்டாம். நீளமான ஸ்வெட்டர் தன் எடையிலேயே இறங்கும். என் முதல் பின்னல் ஸ்வெட்டர் மூன்று மாதத்தில் முழங்காலைத் தொட்டது. ஹேங்கரில் தொங்கவிட்டதுதான் நான் செய்த தப்பு. மடித்துத்தான் வைக்க வேண்டும்.

சால்வை வாங்கும்போது விரித்துப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் என்பது சாதாரண அளவு. அதற்குக் குறைந்தால் நம் தோளில் அது துண்டு. இரண்டேகால் மீட்டர் கிடைத்தால் விடாதீர்கள். சால்வை என்று பேச்சு வந்தால் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூத்துக்குளியைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாக, எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணியே பெண்கள் போடும் எம்ப்ராய்டரிப் பின்னல் அது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆணும் பெண்ணும் உடல் முழுக்கப் போர்த்தும் பெரிய போர்வை என்பதால், அந்தப் பட்டைகள் விழுந்து நிற்கும் அழகு நீளமான உடம்பில்தான் முழுதாகத் தெரியும். முழுப் பூத்துக்குளி அவர்கள் சடங்குகளில் இடம்பெறும் உடை. அன்றாடத்துக்கு அதே பின்னல் போட்ட சின்ன சால்வைகளே போதும். அசல் கைப்பின்னல் விலை கூடுதலாக இருக்கும்; பேரம் பேச வேண்டாம் என்பது என் வேண்டுகோள், எத்தனை நாள் வேலை என்று ஒருமுறை பார்த்தால் உங்களுக்கே வாய் வராது.

புடவை: பன்னாவைக் கேளுங்கள்

புடவைக் கடையில் நிறம், விலை, ஜரிகை எல்லாம் கேட்போம். பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்று எத்தனை பேர் கேட்கிறோம்? உயரமான பெண் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். கணக்கு எளிது. செருப்போடு இடுப்பிலிருந்து தரை வரை எனக்கு 44 அங்குலம். தரையில் புரளாமல் இருக்க அரை அங்குலம் கழியுங்கள். உள்ளே சொருகுவதற்கு இரண்டரை அங்குலமாவது வேண்டும். ஆக 46 அங்குலம். 44 அங்குலப் பன்னாவில் வரும் புடவையை நான் கட்டினால் ஒன்று கணுக்கால் தெரியும், இல்லை சொருகல் அவிழும். கைத்தறிப் புடவைகளில் 47, 48 அங்குலம் கிடைக்கும். டேப்பைப் பையிலேயே வைத்திருங்கள். கடைப் பையன் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஏற்கெனவே வாங்கிய குறைந்த பன்னாப் புடவைகளை என்ன செய்வது? இரண்டு வழி. உள்பாவாடையை ஓர் அங்குலம் இறக்கிக் கட்டுவது முதல் வழி. மலையேற்றத்தில் மூச்சு வாங்கும்போது இது கொஞ்சம் வழுக்கும். இரண்டாவது வழி நிரந்தரமானது. புடவையின் மேல் விளிம்பில், உள்ளே சொருகும் பகுதிக்கு மட்டும், அதே நிறத்தில் நாலு அங்குலப் பருத்திப் பட்டி ஒன்றை வைத்துத் தைத்துவிடுங்கள். வெளியே எதுவும் தெரியாது. ஃபால்ஸ் தைப்பவரே இதையும் தைத்துக் கொடுப்பார். உள்பாவாடையை 42, 43 அங்குலத்துக்குத் தைக்கக் கொடுங்கள். ரெடிமேடில் கிடைப்பது பெரும்பாலும் 40-க்குள்தான், வெயிலில் நின்றால் எங்கே முடிகிறது என்று புடவை வழியே கோடு தெரியும்.

நீளத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. புடவை ஐந்தரை மீட்டர், அதோடு ஒட்டியே ஜாக்கெட் துணி முக்கால் மீட்டருக்கு மேல் வரும். அந்த ஜாக்கெட் துணியை வெட்டாதீர்கள்! அதைப் புடவையோடு விட்டுவிட்டால் உள்சுற்றில் போய்விடும். அந்த அளவு முந்தானைக்கு மிஞ்சும். நமக்கு முந்தானை முழங்காலுக்குப் பின்னால் வரை இறங்க வேண்டும். இடுப்போடு நின்றால் தோளில் துண்டு போட்டது மாதிரி இருக்கும். ஜாக்கெட்டை வேறு நிறத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். மாறுபட்ட ஜாக்கெட் நீள உடம்பை ஓர் இடத்தில் நிறுத்திக் காட்டும், அதனால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்தது.

பெரிய கரை, பெரிய கட்டம், பெரிய மாங்காய் எல்லாம் நமக்கு. காஞ்சிபுரத்தின் ஒரு சாண் கரை ஐந்தடிப் பெண்ணுக்குப் பாதிக் கெண்டைக்கால் வரை ஏறிவிடும், நமக்கு அது அளவாக இருக்கும். பொடிப்பொடிப் புட்டாக்கள் நம் நீளத்தில் காணாமல் போகும், தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் துணி. குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும், நெடுக்குக் கோடு போட்டால் இன்னும் நெட்டையாகத் தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம்தான் கண்ணுக்கு உயரமாகத் தெரியும் என்று ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867-லேயே எழுதிவிட்டார். காகிதத்தில் இரண்டு சதுரம் வரைந்து, ஒன்றில் குறுக்காகவும் ஒன்றில் நெடுக்காகவும் கோடு போட்டுப் பாருங்கள். கோடு நெருக்கமாக இருக்கும்வரை திசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உயரத்தைப் பிரித்துக் காட்டுவது அகலமான ஒன்றிரண்டு பட்டைகள்தான்.

எந்தத் துணி? பட்டு மலைக்கு நல்லது, கதகதப்பு உண்டு. கஞ்சி போட்ட பருத்தி சித்திரையில் சரி. மேகம் இறங்கும் மாதங்களில் காலை எட்டு மணிக்கு மொடமொடவென்று கட்டியது பத்து மணிக்கு அப்பளம் மாதிரி நமுத்துவிடும். நமுத்த பருத்தி நீளமான உடம்பில் கொடியில் காயப் போட்டது போல் தொங்கும். ஷிஃபான், ஜார்ஜெட் சீக்கிரம் காயும், ஆனால் காற்று உள்ளே வரும். அடியில் தெர்மல் (குளிருக்கான உள்ளுடை) போட்டால்தான் தாங்கும்.

சுடிதார், டாப்ஸ், பேன்ட்

ரெடிமேட் டாப்ஸ் உங்களுக்கானதா இல்லையா என்று பார்க்க ஒரே ஓர் இடத்தைப் பாருங்கள்: இடுப்புக் குழிவு எங்கே விழுகிறது? விலா எலும்பில் விழுந்தால் அப்படியே மடித்து வைத்துவிடுங்கள். நீளம் போதாவிட்டால் கரை வைத்துச் சமாளிக்கலாம். குழிவு மேலே ஏறினால் எந்தத் தையல்காரராலும் இறக்க முடியாது. சைடு ஓபனும் அப்படித்தான். மற்றவர்களுக்கு இடுப்பெலும்பில் தொடங்கும் திறப்பு நமக்கு இடுப்பிலேயே தொடங்கும், காற்றடித்தால் சங்கடம். இதை மட்டும் மேலிருந்து மூன்று அங்குலம் மூடித் தைத்துக்கொள்ளலாம்.

துணி எடுத்துத் தைப்பதுதான் என் வழி. கடைக்காரர் வழக்கம் போல் இரண்டரை மீட்டர் என்பார். 44 பன்னாவில் 48 அங்குல நீள டாப்ஸும் முழுக் கையும் என்றால் மூன்றேகால் மீட்டர் எடுங்கள். டாப்ஸ் முழங்காலுக்கு ஒரு சாண் கீழேயோ, முழங்காலுக்குச் சற்று மேலேயோ முடியலாம். கெண்டைக்காலின் தடித்த இடத்தில் முடிக்காதீர்கள்.

லெக்கிங்ஸில் 'ஆங்க்கிள்' (கணுக்கால் நீளம்) என்று போட்டிருப்பது நமக்குக் கெண்டைக்கால் வரைதான். கணுக்காலில் சுருக்கம் விழும் சுடிதார் வகையை வாங்கினால், அந்தச் சுருக்கம் நம் நீளத்தில் கரைந்து கணுக்காலில் கச்சிதமாக நிற்கும். பேன்ட் வாங்கும்போது கீழ்மடிப்பை உள்ளே புரட்டிப் பாருங்கள். இரண்டு அங்குலத் துணி மடித்திருந்தால் பிரித்து இறக்கலாம். மழைக்காலத்தில் கூடலூர், பந்தலூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் கணுக்கால் இடைவெளியை அலட்சியம் செய்ய வேண்டாம், ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு அது வாசல்.

தேயிலை பறிக்கும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர், முள், பூச்சி எல்லாவற்றுக்கும் ஒரே பதில். தோட்டத்து வேலைக்கு நானும் அதையே செய்கிறேன். கை நீளம் பற்றி அந்தச் சட்டையில் எனக்குப் புகாரே இருந்ததில்லை.

தையல்காரரிடம்

எல்லாத் துணியையும் முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிட்டுக் கொடுங்கள். பருத்தி நூற்றுக்கு மூன்று நாலு பங்கு சுருங்கும். 48 அங்குலத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். குட்டையானவர்களைவிட நமக்கு இழப்பு அதிகம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த அளவு ஜாக்கெட்டை அப்படியே நீட்டாதீர்கள். அது வெயிலூர் ஜாக்கெட். இங்கே அதற்குள் ஒரு தெர்மல் போக வேண்டும். நான் முதல் வருடம் அப்படிக் கொடுத்து ஆறு ஜாக்கெட் தைத்தேன். பொங்கலன்று உள்ளே தெர்மலோடு மாட்டினால் கையை மடக்க முடியவில்லை, பரிமாறும்போது சாம்பார் வாளியைத் தூக்க முடியாமல் நின்றேன். தையல்காரரைக் கேட்டால், "நீங்க கொடுத்த அளவுதானே மேடம்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

ஆகவே சொல்ல வேண்டியது இது: "அண்ணா, அளவு ஜாக்கெட்டைவிட உடம்பு சுற்றி ஓர் அங்குலம் லூஸ், கைக்குழி அரை அங்குலம் இறக்கம், கை முழங்கை வரை, உயரம் பதினைந்தரை. உள்ளே துணி விட்டுத் தைங்க." கை முழங்கை வரை வேண்டுமென்றால் எண்பது சென்டிமீட்டர் போதாது, ஒரு மீட்டர் கொடுங்கள். ஒன்றை மட்டும் முதலில் தைத்து, போட்டுப் பார்த்து, கையைத் தூக்கிக் குனிந்து நிமிர்ந்த பிறகு மற்றதைக் கொடுங்கள்.

உடல்வாகும் சுபாவமும்

உயரத்தோடு ஒல்லியாக இருந்தால் தடித்த நெசவு, மடிப்பு, அடுக்கு எல்லாம் உங்களுக்கு நல்லது. மலை உங்களுக்கென்றே ஆன ஊர்; நாலு அடுக்கு போட்டாலும் உருண்டையாகத் தெரிய மாட்டீர்கள். தோள் அகலமென்றால் பஃப் கையும் படகுக் கழுத்தும் வேண்டாம், 'வி' கழுத்து போதும். இடுப்புக்குக் கீழே அகலமென்றால் ஸ்வெட்டரின் விளிம்பு அந்த அகலமான இடத்திலேயே முடியாமல் மேலோ கீழோ தள்ளி முடியட்டும். பூசினாற்போல் பெரிய உடம்பென்றால் முன்பக்கம் திறந்த, நேராக விழும் நீள ஸ்வெட்டரை உள்ளே ஒரே நிற உடையோடு போடுங்கள். வயிறு இருந்தால் இடுப்பில் எலாஸ்டிக் வைத்த ஜெர்கினைத் தொடாதீர்கள்.

சுபாவம் பற்றிச் சொல்வது இதைவிடக் கஷ்டம். நான் பார்த்தவரை, கூச்ச சுபாவமுள்ள உயரமான பெண்கள் எல்லாரும் சாம்பல், பழுப்பு, கறுப்பு என்று ஒளிந்துகொள்கிறார்கள். நானும் ஐந்து வருடம் ஒளிந்தேன். ஆனால் ஆறடியை நெருங்கும் ஆள் எந்த நிறத்திலும் கண்ணில் படத்தான் செய்வாள். சாம்பல் நிறத்தில் பட்டால் வாட்டமாகப் படுவாள், அவ்வளவுதான் வித்தியாசம். கூச்சமுள்ளவர்கள் நிறத்தைக் குறைப்பதற்குப் பதில் எண்ணிக்கையைக் குறைக்கலாம்: கோலாகலமான பூக்கள், ஜிகினா இல்லாமல், நல்ல கம்பளியில் ஒரே ஓர் ஆழ்ந்த நிறம். அரக்கு, மயில்நீலம், கடுகு மஞ்சள். கலகலப்பானவர்கள் கட்டம் போட்ட பெரிய சால்வை, பெரிய கரை, பெரிய ஜிமிக்கி என்று தாராளமாகப் போகலாம். நம் நீளம் அதைத் தாங்கும். விறுவிறுவென்று நடக்கிறவர்கள் எடை குறைந்த புடவையும் நன்றாகப் பின் குத்திய கொசுவமும் பார்த்துக்கொள்ளுங்கள். நீளக் கால் எட்டிப் போடும் அடிக்குக் கொசுவம் சீக்கிரம் கலையும்.

நிறத்தில் இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. மாலையில் மேகம் இறங்கினால் சாலையில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. சாம்பல் ஜெர்கின் போட்டவர் ஓட்டுநர் கண்ணுக்கு மேகத்தோடு மேகம்.

இந்த மலையின் படுகர் வீட்டு விழாவுக்கோ, அவர்கள் தெய்வமான ஹெத்தையம்மன் திருவிழாவுக்கோ அழைப்பு வந்தால், என்ன உடுத்தலாம் என்று அழைத்தவரிடமே கேட்டுவிடுங்கள். அங்கே பெண்கள் வெள்ளை உடுத்தி வருவார்கள். அந்த வெண்மைக்கு நடுவே ஓங்கி நிற்கும் நீங்கள் பளபளவென்று ஆரஞ்சுப் பட்டில் போய் நின்றால், படங்களில் எல்லாம் நீங்கள் மட்டும்தான் தெரிவீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

மாதமும் உயரமும்

ஊட்டி 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் தலைக்குந்தா, காந்தல் போன்ற இடங்களில் புல்மேல் உறைபனி படியும். அங்கே குடியிருப்பவர்களுக்கு நல்ல ஜெர்கின் ஒன்று கட்டாயம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குப் பக்கத்தில் மழை, அக்டோபர் தொடங்கிக் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் மழை. மேட்டுப்பாளையம் இறங்கும் நாளில் கழற்றிப் பையில் வைக்க முடிகிற இரண்டு மெல்லிய அடுக்குகள், ஒரு தடித்த அடுக்கைவிட நல்லது. பர்லியாறு தாண்டியதும் பஸ்ஸில் எல்லாரும் ஒன்றொன்றாகக் கழற்றத் தொடங்குவார்கள்.

காலுக்கு

ஹீல்ஸ் போடலாமா என்ற கேள்விக்கு என் பதில், உயரத்துக்காக அல்ல, சரிவுக்காக வேண்டாம் என்பது. இங்கே தெருவே படிக்கட்டு. அடியில் பிடிப்புள்ள தட்டைச் செருப்போ ஷூவோ எடுங்கள். எட்டாம் எண்ணுக்கு மேல் பெண்கள் பகுதியில் கிடைப்பது அரிது. மறுபடியும் ஆண்கள் பகுதிதான், அங்கே போட்டுப் பாருங்கள். செருப்போடு போட, கட்டைவிரல் பிரிந்த சாக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், புடவை நிறத்தை ஒட்டிய கருநிறத்தில்.

காயவைப்பதும் வைத்துக்கொள்வதும்

நீளத் துணி மெதுவாகக் காயும். மழை மாதத்தில் மூன்று நாள் ஆகும். ஈரம் முழுக்கப் போகாமல் மடித்தால் பூஞ்சைப் புள்ளி விழும், அது பிறகு போகாது. கொடியை உயரக் கட்டுங்கள், இல்லாவிட்டால் புடவை நுனி தரையில் கிடக்கும். கம்பளியைப் பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். சுடுதண்ணீர் பட்டால் சுருங்கிவிடும். நீங்கள் தேடி வாங்கிய 24½ அங்குலக் கை ஒரே நாளில் 22 ஆகும்.

அலமாரியில் நாஃப்தலின் உருண்டை வாசனை பிடிக்காதவர்கள் ஒரு பழந்துணியில் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு மூலையில் வைக்கலாம். பட்டுப் புடவைமேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க் கறை ஆகிவிடும்.